மூணாவது கியர்

கம்பெனியில் ஈயச் சீல் வைத்த மெல்லிய கம்பியைக் கட்டிங் பிளேயரால் நறுக்கியதும் அது சுருண்டு என்ஜினுக்கு அடியில் எங்கோ விழுந்தது. இளையவன் அதைத் தேடவில்லை. டீசல் பம்பின் பின்பக்கத்து லாக் நட்டில் ஸ்பேனரைப் பொருத்தி, மூச்சைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினான். இத்தனை வருஷம் யாரும் கை வைக்காத நட்டு கீச்சென்று சத்தம் போட்டுவிட்டு இளகிக் கொடுத்தது.

"தம்பி."

ஜன்னலில் அண்ணி நின்றிருந்தாள்.

"அவர் உன்னைக் கேக்கறார்."

"இதோ அண்ணி. இந்த நட்டை மட்டும் இறுக்கிட்டு வந்துடறேன். பாதியில விட்டா டீசல் ஒழுகிடும்."

அப்படியொன்றும் ஒழுகிவிடாது. அது அவனுக்குத் தெரியும். அண்ணி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வேன் நின்றது அண்ணனுடைய அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே. பிளைவுட் கடைகளுக்குச் சரக்கு ஏற்றுகிற வண்டி. பேருக்குத்தான் டர்போ. தண்ணீர் டேங்க் மேட்டில் லோடோடு ஏறும்போது பின்னால் வருகிற சைக்கிள்காரன்கூட ஹார்ன் அடிப்பான். 'உன் வண்டி மாமியாரைப் பார்த்த மருமகப்பிள்ளை மாதிரி பம்முதுடா' என்று அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அண்ணன் தையல்காரன். இடுப்பளவு கொடுக்க வருகிறவர்கள் வயிற்றை உள்ளே இழுத்தால், 'டேப்புகிட்ட பொய் சொல்லாதீங்க சார், அப்புறம் பட்டன் போட்டுக்கொடுத்துடும்' என்பான். அண்ணன் தம்பிக்குள் பேச்சு என்றாலே இந்த மாதிரிக் கிண்டல்தான். வேறு விதமாகப் பேசி இருவருக்கும் பழக்கமில்லை.

அதனால்தான் இன்று காலையில் கட்டிலருகே உட்கார்ந்தபோது இளையவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணன் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிடியில் பலமே இல்லை. ஆனாலும் அதிலிருந்து கையை உருவிக்கொள்ள இளையவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. "வண்டியைப் பாக்கணும்ண்ணா" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வெளியே வந்தவன், சொன்னதற்காக பானெட்டைத் தூக்கினான். தூக்கிய பிறகு உள்ளே போகவே இல்லை.

பம்பில் டீசல் வரத்தைக் கூட்டுகிற ஸ்குரூவைக் கால் சுற்று உள்ளே திருப்பினான். வண்டியைக் கிளப்பியபோது ஐட்லிங் ஏறிக் கத்தியது. அதைக் குறைத்து, ஆக்சிலேட்டர் லீவரை விரலால் இழுத்தான். கரும்புகை ஒரு கொத்தாகக் கிளம்பிச் சுவரில் மோதி மேலே போனது. அண்ணி ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

அண்ணன் மகள் டீயோடு வந்தாள். விடிகாலை பஸ்ஸில் வந்திறங்கியவளுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற மாதிரி ஆச்சுன்னா இதுலதானே சித்தப்பா போகணும்? மேட்டுல மக்கர் பண்ணாதே?"

அவன் டம்ளரை வாங்கிக்கொண்டான்.

"அதுக்குத்தாம்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

நேற்று சாயங்காலம் டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது அவளுக்குத் தெரியாது. 'இனிமே எங்கயும் அலைக்கழிக்காதீங்க. பக்கத்துல இருங்க, போதும்.' கேட்டது இரண்டே பேர். அவனும் அண்ணியும்.

இன்னும் கொஞ்சம் திருப்பினான். இப்போது புகை அளவாக வந்தது. சத்தமும் கனத்து, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் இருந்தது. நட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணி வாசற்படிக்கே வந்துவிட்டாள்.

"கொஞ்ச நேரம் வந்து உக்காருப்பா. அவருக்கு வார்த்தை குழறுது."

"ஒரே ஒரு தடவை மேட்டுல ஏத்திப் பாத்துட்டு வந்துடறேன் அண்ணி. சூட்டோட பாத்தாதான் தெரியும்."

அண்ணி வண்டியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். எதையோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தான்.

"சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பேக்கரியைத் தாண்டியதும் தெரு நிமிர ஆரம்பித்தது. வழக்கமாக ஸ்கூல் காம்பவுண்டு வருமுன்பே இரண்டாவது கியருக்கு இறக்கிவிட வேண்டும். கை தானாகக் கியர் ராடுக்குப் போனது. ஆனால் வண்டி திணறவில்லை. மூணாவதிலேயே, யாரோ பின்னாலிருந்து தூக்கிவிட்டதுபோல் ஏறியது. டர்போவின் விசில் மெல்லத் தொடங்கி உயர்ந்துகொண்டே போனது. காம்பவுண்டு பின்னால் போனது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு ஆட்டோவை இளையவன் முந்தினான். டேங்க் அடியில் வளைவெடுத்தபோது ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டி, "அப்படிப் போடு!" என்று கத்தினான். தனியாக வண்டிக்குள் வாய்விட்டுச் சிரித்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ஒரு தடவை ஏற்றிப் பார்த்தது போதும். அது அவனுக்கே தெரியும். ஆனால் கீழே வந்ததும் வண்டியைத் திருப்பி மறுபடியும் ஏற்றினான்.

வீட்டுக்குத் திரும்பும்போது தெருமுனையிலிருந்தே ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தான். என்ஜினை அணைக்காமலே குதித்து இறங்கினான்.

"அண்ணி! மூணாவது கியர்லயே ஏறிடுச்சு!"

வாசலில் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் நின்றிருந்தார். சட்டைப் பட்டனைத் தப்பாகப் போட்டிருந்தார். அவர் வேனுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி அடங்கியதும் உள்ளே அண்ணன் மகள் அழுகிற சத்தம் கேட்டது. இளையவனின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எப்படி எடுப்பதென்று தெரியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

உள்ளே போனதும் அண்ணன் மகள் ஓடிவந்து அவன் தோளில் விழுந்தாள்.

"நீங்க வண்டியை ரெடி பண்றதுக்குள்ள போயிட்டாரே சித்தப்பா!"

கொஞ்ச நேரத்தில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அத்தை வந்தாள். தையல் கடையில் கூட வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் மகள் அதையே சொன்னாள். காலையிலிருந்து சித்தப்பா பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் வண்டியோடு மல்லுக்கட்டியதையும், அப்பாவைக் காப்பாற்றிவிடலாம் என்று மேட்டில் ஓட்டிப் பார்க்கப் போனதையும். டீ கொடுத்ததை அவள் மறந்திருந்தாள்.

"கூடப்பொறந்த பாசம்னா இதுதான்" என்று அத்தை அவன் கன்னத்தைத் தடவினாள். "உன்னைவிட யாருடா ஓடியாடிச் செஞ்சிருப்பா?"

"இல்ல அத்தை..." என்று அவன் ஆரம்பித்தான். எல்லோரும் திரும்பினார்கள். கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணியும் நிமிர்ந்தாள்.



"அவன் வண்டியோடதான் இருந்தான்" என்றாள் அண்ணி. எல்லோரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அத்தை மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு, ஹாலில் இடம் ஒதுக்கப் போனாள். அறையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"ஏதாச்சும் சொன்னாரா அண்ணி?"

அண்ணி தலையணை உறையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"வண்டி கிளம்புற சத்தம் கேட்டுது. 'போயிட்டானா'ன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இதோ வந்துடுவான்னு சொன்னேன்."

அவன் தரையைப் பார்த்தான். முதல் தடவையோடு திரும்பியிருந்தால் பார்த்திருக்கலாமா என்று கேட்க நினைத்தான். இரண்டு தடவை போனதை அவளிடம் எப்படிச் சொல்வது? அண்ணியும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

எலெக்ட்ரீஷியனும் தையல் கடை ஆட்களும் உள்ளே வந்தார்கள். ஹாலில் பெஞ்சு போட்டாகிவிட்டது. "தம்பி கால்பக்கம் பிடிக்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள். இளையவன் பிடித்தான். அண்ணனுடைய பாதங்கள் இன்னும் முழுக்கக் குளிர்ந்திருக்கவில்லை. நினைத்ததைவிட லேசாக இருந்தான் அண்ணன். அறையிலிருந்து ஹாலுக்குப் பத்தடிகூட இல்லை. கதவில் இடிக்காமல் திருப்பிக் கொண்டுவந்து பெஞ்சில் கிடத்தினார்கள்.

கையை எடுத்தபோதுதான் பார்த்தான். வெளிறிய கணுக்காலில் அவனுடைய நாலு விரல்களும் கறுப்பாகப் பதிந்திருந்தன. கையைக் கழுவவேண்டும் என்றுகூடத் தோன்றாமல் போயிருந்தது. அவசரமாகக் குனிந்து சட்டை நுனியால் துடைத்தான். சட்டையிலும் கிரீஸ். கறை குதிகால்வரை இழுவிக்கொண்டு போயிற்று. பின்னால் ஆட்கள் நெருங்கி வருவது தெரிந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

அண்ணி வந்து அவன் கையை மெதுவாக விலக்கினாள். போர்வையைக் கொஞ்சம் கீழே இழுத்து அந்தக் காலை மூடி, ஓரத்தைக் குதிகாலுக்கு அடியில் செருகினாள்.

"இன்னொரு காலையும் நேரா வை" என்றாள்.