கனகத்தின் மேல் ஏறிய பிச்சி

பதுளை பசார் வீதியில் கடை வைத்திருந்த சண்முகராஜா வீட்டுப் பந்தலில் இருந்த கொடிகள் குலம் பார்த்தன. புதிதாக எது ஏற வந்தாலும், எந்த ஊர், யார் வீட்டுப் பதியன் என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் இடம் கொடுக்கும். இதில் அந்தத் தெருவில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை, வீட்டுக்காரர்களும் அப்படித்தானே.

கல்யாணமாகி வரும் மருமகள் தாய்வீட்டிலிருந்து ஒரு கொடி கொண்டுவந்து பந்தலடியில் நட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அது ஏறிப் பூத்த பிறகுதான் அவள் சாமியறைக்குள் போகலாம். கொடிக்கு யாரும் கொம்பு ஊன்றக் கூடாது. கத்தியும் படக் கூடாது. பட்டால் அவள் புருஷன் உயிருக்கு ஆகாதாம். சண்முகராஜாவின் மனைவி கனகத்தின் முல்லையும், மூத்த மருமகள் கம்சலாவின் சங்குக்கொடியும் அப்படி ஏறியவைதான். தன் முல்லை இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது என்பாள் கனகம். எந்தக் கப்பல் என்று கேட்கும் தைரியம் சண்முகராஜாவுக்கே இருந்ததில்லை.

இளைய மகன் கிரிஷாந்தன், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து துஷாந்தினியைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தான். அவள் தோட்டக் கூலிகளின் வரிசை வீடான தன் லயத்து வாசலிலிருந்து ஒரு பிச்சிப் பதியன் கொண்டுவந்தாள். "லயத்துச் செடியெல்லாம் இந்தப் பந்தல்ல ஏறாதும்மா" என்றாள் கனகம். சொன்னபடியே நடந்தது. ஊற்றிய தண்ணீரையெல்லாம் பழைய வேர்கள் உறிஞ்சிக்கொண்டன. துஷாந்தினி அடியில்லாத பிஸ்கட் தகரம் ஒன்றைப் புதைத்து, அதற்குள் பிச்சியை மாற்றி நட்டாள். வேர் பிழைத்தது. தளிர் நீண்டதும் முல்லை குனிந்து அதைக் கிள்ளிப் போட்டது. சங்குக்கொடி, பாவம், மாமியாருக்குப் பயந்து தலையாட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு தீபாவளி சாமியறைக்கு வெளியிலேயே போயிற்று. "நான் ஸ்பிரிங்வெளிக்கே போயிடவாங்க?" என்று துஷாந்தினி அழுதாள். கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான் கிரிஷாந்தன். மகா வீரன்!

யாராவது திருட்டுத்தனமாகக் கொம்பு ஊன்றிவிடுவார்களோ என்று கனகம் பிச்சிப் பக்கத்திலேயே நாள் முழுக்கக் காவல் நின்றாள். கொடிக்கென்ன தெரியும், அசையாமல் நிற்பதெல்லாம் அதற்குக் கொம்புதான். ஐப்பசி மழையில் ஒருநாள் அது அவள் கணுக்காலைப் பிடித்தது. மத்தியானத்துக்குள் இடுப்பைச் சுற்றியது. மறுநாள் காதோரம் பூத்தது. "வெட்டுங்கடா!" என்று கத்தினாள். கிரிஷாந்தன் கத்தியோடு ஓடிவந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் வழக்கம் ஞாபகம் வந்து, "ஐயோ வேணாம்டா, என் ராசா!" என்று அவளே அலறினாள்.

அன்றிலிருந்து கனகம் அந்தப் பந்தலுக்கு ஒரு கால். பூத்துவிட்டதே, வழக்கம் வழக்கம்தான். சாமியறையில் விளக்கேற்றுவது துஷாந்தினி. மாமியாருக்குச் சோறு ஊட்டுவதும் அவள்தான், ஏனென்றால் கனகத்தின் கைகளுக்கு ஓய்வில்லை. இரண்டு கையும் பூவைச் சடசடவென்று கிள்ளி, திரும்பிப் பார்க்காமலே தோளுக்குப் பின்னால் எறிந்துகொண்டிருந்தன. கொழுந்து பறித்த கையைத் தோட்டத்துப் பெண்ணுக்குத் தெரியாதா?

"மாமி, நீங்க எந்தத் தோட்டங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கனகம் அக்கம்பக்கம் பார்த்தாள். "மடுல்சீமை. யாருகிட்டயும் சொல்லிப்புடாதடி."

துஷாந்தினி யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் முதுகில் ஒரு கூடையை மாட்டிவிட்டாள். கடைச் சாமிக்கு அன்றாடம் பூ அதிலிருந்துதான் போகிறது.