வெள்ளைத் துண்டு

பிளீச்சிங் பட்டறைத் தொழிலாளி முனீஸ் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தான்.

"இத்தன ஊசி போட்டும் ஏன் சார் கேக்கல?" என்றாள் அவன் மனைவி கருத்தம்மா.

"துணி வெளுக்கிற பெராக்சைடு ஆவி நுரையீரலைப் புண்ணாக்கி, அதுல கிருமியும் தொத்திருச்சுங்கம்மா," என்றார் டாக்டர். "ரத்தத்துல கிருமியைப் பிடிக்கிற செல்லுக்குக் கை மாதிரி ஏற்பிகள் இருக்குதுங்க. புண்ணு வீங்கிச் சிவக்கிற அழற்சியில, பெராக்சைடு மாதிரி அரிக்கிற ஆக்சிஜன் பொருள்களோட தாக்குதல் அதிகமானா, செல்லே அந்தக் கைகளை உதிர்த்துருது. அப்புறம் கிருமியை எப்படிப் பிடிக்கும்? வேலை செய்யும்போது அவரு மூக்கை மூடலீங்களா?"

"தெனமும் துண்டு கட்டுவாக சார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பட்டறையின் பெராக்சைடுத் தொட்டியில் முக்கி வெளுத்த துண்டைத்தான் அவன் ஈரத்தோடு கட்டிக்கொள்வான். "புதுமாப்பிள்ள கணக்கா இருக்கீக," என்று அவளும் மெச்சியிருந்தாள்.

அவள் வார்டுக்குள்ளே போனதும் முனீஸ் முகம் துடைக்கத் துண்டு கேட்டான்.

"அது அழுக்கா இருக்குய்யா," என்று முந்தானையால் துடைத்துவிட்டாள்.