சரளம்னு போடு

1
இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் குடியிருக்கும் என் அண்ணனின் மகள், தன் கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பிப் பிழை பார்க்கச் சொன்னாள். எல்லாம் நிரப்பியிருந்தாள். ‘இந்நாட்டு மொழியில் உங்கள் தேர்ச்சி’ என்ற கட்டம் மட்டும் காலி. கேட்டதற்கு, “அத அப்புறம் போட்டுக்கறேன் சித்தப்பா” என்றாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2
முதல் வரி: ‘இரு மொழிகளுக்கு நடுவே அவள் ஒரு...’ வேண்டாம், மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது.

இன்னொன்று: ‘மருத்துவமனையில் அப்பாவுக்காக அவள்தான் பேசுவாள்.’ இது போதும்.

அப்பா வெல்டர். பட்டறையில் எல்லாரும் நம் ஆட்கள். வயிற்றுவலி வரும்வரை அந்த ஊர் மொழி அவருக்குத் தேவைப்படவே இல்லை. டாக்டர் சொல்லச் சொல்ல மகள் தமிழில் சொல்வாள். கடைசியாகப் போனபோது டாக்டர் நிறுத்தி நிதானமாக வெகுநேரம் பேசினார். மகள் சொன்னது ஒரே வரி: “மாத்திரைய மாத்தியிருக்காங்களாம்ப்பா, சரியாயிடுமாம்.”

வீட்டில் அம்மா துருவித் துருவிக் கேட்டாள். “வேகமாப் பேசிட்டாரும்மா, எனக்குப் பாதிதான் புரிஞ்சுது” என்று மகள் சமாளித்தாள்.

[டாக்டர் சொன்னதை இங்கே எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். உங்களுக்கே புரிந்திருக்கும்.]

3
இப்போது விண்ணப்பம். ‘சரளம்’ என்று போட்டால் நேரே படிப்பில் சேரலாம். ‘ஓரளவு’ என்றால் முதலில் ஒரு வருடம் மொழி வகுப்பு. பாதிதான் புரிந்தது என்றவள், அம்மாவின் கண்முன்னால் எதைப் போடுவாள்?

இந்தப் பெண்மீது எனக்குச் சந்தேகம் உண்டு. பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் இத்தனை பெரிய பொய்யை யாராவது தனியாகச் சுமப்பார்களா? (என் அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார். போன மாதம் பேசியபோது கொஞ்சம் இளைத்துவிட்டதாகச் சொன்னார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

4
முடிவு ஒன்று: அவள் ‘ஓரளவு’ என்று போடுகிறாள். அப்பா ஒன்றும் பேசாமல்... இல்லை, அந்த மனுஷர் சும்மா இருக்கமாட்டார்.

முடிவு இரண்டு: அம்மா துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு மகள் பக்கத்தில் உட்காருகிறார்.

“என்ன யோசனை? சரளம்னு போடு.”

“அவ்வளவா வராதுப்பா.”

“டாக்டர் அவ்வளவு நேரம் பேசினாரு. நீ ஒரு வரியில முடிச்சிட்ட. அதையும் என் முகத்தப் பாக்காம சொன்ன. உனக்கு எல்லாம் புரிஞ்சுதுன்னு அன்னைக்கே தெரியும்மா.” குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். “ஒரு வருஷம்லாம் தள்ளிப்போடாத. நீ காலேஜ் போறத நான் பாக்கணும்.”

அம்மாவின் கையில் அவருடைய சட்டை. பாதி மடித்தபடி நிற்கிறாள்.

5
இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. அம்மா என்ன கேட்டாள், மகள் எதைப் போட்டாள் என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அண்ணன் மகளின் விண்ணப்பம் என் எதிரே திறந்து கிடக்கிறது. கட்டம் இன்னும் காலி. எனக்குப் பயமாக இருக்கிறது.

போனைக் கையில் எடுத்துவிட்டேன். யாரிடம் கேட்பது? அண்ணனிடம் கேட்டால் “எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்கேன்” என்பார். அவருக்குச் சொல்லியிருப்பது அதுதானே.