சட்டைக்குள் ஒரு பயம்

கண்ணாடி துடைப்பவரின் பயம் அவர் உடம்பை விட்டு வெளியே விழுந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். அவர் ஜன்னலோர நாற்காலியில். அவர் மனைவி, தையல்காரி, கதவுப் பக்கம் தன் மிஷினில். அவளுடைய தம்பி நடுக்கூடத்தில் தரையில், வாரப் பத்திரிகையை விரித்துக்கொண்டு. கண்ணாடி துடைப்பவர் மூன்று தும்மல் போட்டார். மூன்றாவதில் வலது காது வழியாக அது நழுவிப் பத்திரிகையின் மேல் விழுந்தது. உரித்த பாதாம் பருப்பு அளவு, கொஞ்சம் ஈரம், லேசான நடுக்கம். விரிந்திருந்தது நரம்பு டாக்டர் ஒருவர் வாராவாரம் எழுதும் மூளைப் பக்கம். அந்த வாரம் பயத்தைப் பற்றித்தான் எழுதிப் படமும் போட்டிருந்தார். ஆகவே விழுந்தது இன்னதென்று தெரிந்துகொள்ள யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

"மாமா, உங்க பயம் விழுந்திருச்சு" என்றான் தம்பி, சாவி விழுந்ததைச் சொல்வதுபோல.

"எடுத்து ஓரமா வை மாப்ளே, யாராச்சும் மிதிச்சிரப் போறாங்க."

தையல்காரி அதைப் பட்டன் டப்பாவில் போட்டு மூடினாள்.

பதினாறு வருடமாக அவருக்கு உயரக் கட்டடங்களின் வெளிக்கண்ணாடி துடைக்கிற வேலை. மச்சினனும் அதே தொங்கு பலகையில் கூட நிற்பவன். இடுப்பு வாரின் கொக்கியைக் கயிற்றில் மாட்டி மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் மொட்டைமாடிச் சுவரைத் தாண்ட மாட்டார் என்பதால் வேலையிடத்தில் அவருக்குப் பெயரே கொக்கி. பயம் விழுந்த வாரம் அவர் நன்றாகத் தூங்கினார். குளிக்கும்போது பாடினார். எட்டு வருடமாகத் தள்ளிப்போட்ட சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து சிரித்தார். தூக்கத்தில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அலறுகிற மனிதரோடு குடித்தனம் செய்தவளுக்கு இது கொள்ளை லாபமாகத்தான் தெரிந்தது, பத்தாம் நாள் சாப்பிடும்போது தம்பி வாய் திறக்கும் வரை.

"அக்கா, மாமா இன்னிக்கும் கொக்கி மாட்டல. பன்னெண்டாவது மாடி. நான்தான் எட்டி மாட்டிவிட்டேன்."

"இன்னிக்கும்னா?"

"அது விழுந்ததுலேர்ந்தே."

"ஏங்க, உசிரு என்ன கடைச் சரக்கா, போனா வேற வாங்கிக்க?"

"வேணும்னா செய்யறேன்? மாட்டணும்னு தெரியுதும்மா. கைதான் போகமாட்டேங்குது."

தையல்காரி கதவில் 'கொக்கி' என்று எழுதி ஒட்டினாள். தினமும் காலையில் அதை மரியாதையாகப் படித்துவிட்டுப் போனார். மாடியில் கை போகவில்லை. தேதி, நேரம், அளவு, எந்தக் காது, முன்பெல்லாம் மாடிச் சுவரருகே போனாலே வயிற்றைப் பிசையும் என்று ஒன்று விடாமல் எழுதிப் பத்திரிகை டாக்டருக்குக் கடிதம் போட்டாள். அதற்குள் மேஸ்திரி தம்பியைத் திங்கட்கிழமையிலிருந்து வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார். இனி எட்டி மாட்டிவிட ஆளில்லை.

பதில் சனிக்கிழமை வந்தது. பழக்கம் எதற்கும் முன்னால் ஒரு மணி அடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார் டாக்டர். உங்கள் கணவருக்கு வயிற்றைப் பிசைவதுதான் மணி. அது அடித்தால்தான் கை கொக்கிக்குப் போகும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு பொறாமையும் ஒரு வெட்கமும் இருக்கின்றன. பயம் இன்னும் வரவில்லை. பஞ்சில் பொதிந்து பதிவுத் தபாலில் அனுப்பினால், உள்ளே திரும்ப வைக்கும் வழியை ஒரு வருடத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு வருடம். கையில் இருப்பதோ ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. தையல்காரி டப்பாவைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்தாள். பட்டன்கள் கடகடவென்று குலுங்கின. தரையில் வைத்தாள், அடங்கின. எசமானை விட்டு வந்தும் அது வேலையை விடவில்லை என்று புரிந்தது. உடனே மெத்தென்ற துணியில் பை தைத்து, அவர் சட்டையின் உள்பக்கம் நெஞ்சில் வைத்து, பயத்தை உள்ளே போட்டாள். அவர் இடுப்பு வாரைக் கட்டிக்கொள்ள, மூவரும் வீட்டு மொட்டைமாடிக்குப் போனார்கள். சுவரருகே வந்ததும் பை உதறியது. அவர் கை நெஞ்சைத் தடவியது.

"படபடங்குது. டாக்டரப் பாக்கணுமோ?"

"எடம் தப்பு" என்று பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தாள். நின்ற இடத்திலேயே பையை இறக்கி, தொப்புளுக்கு இரண்டு விரற்கடை மேலே தைத்தாள். மறுபடி சுவரருகே போனார். வயிற்றில் பிசைந்தது. முகம் வெளிறியது. கை தானாக இடுப்புக்குப் போய்க் கொக்கியை எடுத்துக் குழாயில் மாட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்தது.

"வந்துட்டாருய்யா கொக்கி!" என்று கைதட்டிய தம்பியின் கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை முழுக்கத் தையல்காரி ஊசியில் நூல் இல்லாமலே மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றினார்.

"நாள் பூரா கெடந்து உதறுது. இதையா பதினாறு வருஷம் உள்ளேயே வச்சிருந்தேன்?"

அதிலிருந்து காலையில் பைக்கு, இரவில் டப்பாவுக்கு என்றாகிவிட்டது. இப்போது ஐந்து வருடம் ஆகிறது. நன்றாகத்தான் தூங்குகிறார்.

அந்தத் திங்களுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையிலேயே, அவள் டாக்டருக்கு எழுதினாள்: 'ஐயா, அனுப்ப இயலாததற்கு மன்னிக்கவும். பகலில் தேவைப்படுகிறது. பையின் அளவும் துணி மாதிரியும் இத்துடன் வைத்திருக்கிறேன். துவைக்குமுன் வெளியே எடுத்துவிட வேண்டும்.' உறையை ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்து, வேலைக்குக் கிளம்பியவரிடம் கொடுத்தாள். தபால் பெட்டி எதிர்ச்சாரியில் இருந்தது. சாலையோரத்தில் பை ஒருமுறை உதறியது. அவர் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்து, கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டார்.