ஆல்பத்தில் சேராதவை

குல்ஷன் இத்தா இருக்க ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில் ஞானையா வந்து, மூன்று பத்திரிகைகளில் எதை நிறுத்துவது என்று கேட்டார்.

அஸ்தினாபுரத்தில் பேப்பர் போடுகிறவர் ஞானையா. கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அந்நிய ஆண்களைப் பார்க்காமல் இருக்கும் வீடு அது என்பது அவருக்குத் தெரியும். அதனால் வண்டியை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, மகள் ஆஃபியாவைக் கூப்பிட்டுப் பேசினார். உள்ளே இருக்கும் அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே பேசினார்.

“பாய் போட்டோ புக்கு மூணு வாங்கிகினு இருந்தாரு பாப்பா. மூணுக்கும் சந்தா முடியப் போவுது. மொத்தமா நிறுத்திடலாமா, ஒண்ணாவது வரட்டுமான்னு அம்மாவக் கேட்டுச் சொல்லு. அவசரம் ஒண்ணும் இல்ல.”

ஆஃபியா உள்ளே வந்தாள். “எல்லாத்தையும் நிறுத்திடலாம்மா. இனிமே யாரு படிக்கப் போறா?”

“பாத்துச் சொல்றேன்,” என்றாள் குல்ஷன்.

அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் அவளிடமிருந்து வந்த பதில் அதுதான். சோறு போடட்டுமா என்றாலும் பாத்துச் சொல்றேன், ஃபேனைக் குறைக்கட்டுமா என்றாலும் பாத்துச் சொல்றேன். அவள் கணவர் கரீம் ஒரு காலையில் தாம்பரத்தில் தன் போட்டோ ஸ்டுடியோவின் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் குல்ஷனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுக்குத்தான் அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் கனக்குமே தவிரத் தொட்டால் தெரியாதே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. இருபத்து மூன்று வருடம் கூட வாழ்ந்த மனுஷன் போய்விட்டார், தனக்கு ஒன்றுமே ஆகவில்லையே என்று நினைத்தபோதுகூட பயமாக இல்லை. அதுவும் மரத்துத்தான் கிடந்தது.

பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியாகிவிட்டது. அதனால் பார்த்தாள். அலமாரியில் கரீம் வருடவாரியாக அடுக்கி வைத்திருந்த பத்திரிகைகளை இறக்கி, பாயில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தாவில் இருக்கிறவளிடம் இல்லாத பொருள் ஏதாவது இருக்கலாம், நேரம் மட்டும் ஏராளம்.

முதல் பத்திரிகை வழவழ தாளில் வந்த ஆங்கிலப் பத்திரிகை. லென்ஸ் விளம்பரம், அதற்குப் பின்னால் அதே லென்ஸைப் பற்றி ஒரு கட்டுரை, அதற்குப் பின்னால் அடுத்த லென்ஸின் விளம்பரம். படித்து முடிக்கும்போது உன் கையில் இருக்கும் கேமரா குப்பை என்று தெரிந்துவிடும், வேறொன்றும் தெரியாது. இரண்டாவது போட்டிப் பத்திரிகை. பக்கத்துக்குப் பக்கம் பரிசு வாங்கிய படங்கள். முகமெல்லாம் சுருக்கம் விழுந்த ஒரு தாத்தா, சூரியன் மறையும் நேரத்தில் ஒரு படகு, புகைக்கு நடுவில் ஒரு சிறுமி. அடுத்த மாதம் தாத்தா படகில் ஏறியிருப்பார். அவ்வளவுதான் மாற்றம்.

மூன்றாவது மெலிந்த தமிழ்ப் பத்திரிகை. ‘கருவிழி’ என்று பெயர். மட்டமான தாள், எல்லாம் கறுப்பு வெள்ளை. அதை நடத்திய ரத்தினம் என்பவர் மாதம் ஒரு வாசகரின் படத்தை எடுத்துக்கொண்டு நாலு பக்கம் பேசுவார். என்ன கேமரா என்று ஒரு மாதம்கூடக் கேட்டதில்லை. எடுத்தவர் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் காத்திருந்தார், எதை விட்டுவிட்டார் என்றுதான் கேட்பார். சில மாதம் படத்தைக் கிழி கிழியென்று கிழிப்பார். ஒரு தாத்தா படத்துக்கு, “பெரியவரிடம் பேர் கேட்டீர்களா?” என்ற ஒரே வரியோடு கட்டுரையை முடித்திருந்தார்.

அன்று சாயங்காலம் ஆஃபியா கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு சிக்கலில் மாட்டும்போதெல்லாம் அவள் வலது முழங்கை ஒரு நொடி அந்தரத்தில் நிற்பதை குல்ஷன் பார்த்தாள். மூன்று வாரத்தில் அவள் நிஜமாகப் பார்த்த முதல் பொருள் அந்த முழங்கைதான். ஒரு பத்திரிகை படிக்கத் தகுந்ததா இல்லையா என்று சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்?

“அந்தத் தமிழ் புக்கு மட்டும் வரட்டும்னு சொல்லிடு,” என்றாள் மகளிடம்.

குல்ஷனும் போட்டோக்காரிதான். நிக்காஹ்வில் ஆண்கள் பக்கம் கரீம் எடுப்பார், பெண்கள் பக்கம் குல்ஷன். பர்தா இல்லாமல், தலைமுடியை விரித்துப்போட்டுக்கொண்டு, சிரித்து உருளும் பெண்களை வேறு யார் போய் எடுப்பது? பதினாறு வருடமாகத் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் பெண்கள் பக்கத்துக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவளைவிட நன்றாக எடுக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆல்பம் கொடுக்கும் நாளில் மெமரி கார்டோடு பெண்வீட்டுக்குப் போவாள். பெண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஆல்பத்தில் சேராத படங்களைக் கேமராத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி, ஒவ்வொன்றாக அழிப்பாள். கடைசியில் காலியான கார்டையும் காட்டுவாள். ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இருப்பதை அழிப்பது கரீமின் வேலை. “அழிச்சாச்சு,” என்று அவர் சொல்லிவிட்டால் அழித்தாகிவிட்டது என்று அர்த்தம்.

சந்தாவுக்குச் சொல்லிவிட்ட பிறகும் குல்ஷன் பழைய இதழ்களை விடவில்லை. ளுஹர் தொழுதுவிட்டு ஒன்று, அஸர் தொழுதுவிட்டு ஒன்று என்று படித்தாள். இரண்டாவது மாதத்தில், ஆறு வருடத்துக்கு முந்தைய ஓர் இதழைத் திறந்தபோது அவள் எடுத்த படம் அதில் இருந்தது.

சந்தேகமே இல்லை. கூடுவாஞ்சேரி மண்டபம், நிகத்தின் நிக்காஹ். ஆண்கள் பக்கத்திலிருந்து, நிக்காஹ் நடத்தும் ஹஜ்ரத்தின் குரல் ஸ்பீக்கரில் வருகிறது. மாப்பிள்ளை சம்மதம் என்று கபூல் சொல்லப் போகிற நொடி. நாற்பது பெண்களும் அண்ணாந்து சுவரில் மாட்டிய ஸ்பீக்கர் பெட்டியையே பார்க்கிறார்கள். நிகத்தின் அம்மா மெஹரூனுக்கு வாய் லேசாகத் திறந்திருக்கிறது. நடுவில் மணப்பெண் மட்டும் மெஹந்திக் கையால் வாயை மூடிக்கொண்டு பெரிய கொட்டாவி விடுகிறாள். ஆல்பத்தில் வைத்தால் சம்பந்தி வீட்டில் ஏதாவது நினைப்பார்கள் என்று மெஹரூன் தயங்க, அவள் சோஃபாவில் உட்கார்ந்து குல்ஷன் தன் விரலால் அழித்த படம் அது.

அடியில், ‘படம்: எஸ். கரீம், அஸ்தினாபுரம்’ என்று போட்டிருந்தது.

ரத்தினம் புகழ்ந்து தள்ளியிருந்தார். “இவர் எங்கே நின்றார் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். ஓர் ஆண் நிற்கும் இடத்தில் இந்தப் பெண்கள் இப்படி இருக்க மாட்டார்கள். அப்படியானால் கரீம் அங்கே தன்னையே இல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கிறார். அது லேசில் வராது.” எடுத்தது ஒரு பெண் என்பதைத் தவிர மற்ற எல்லாம் அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது.

குல்ஷன் அதை நாலு தடவை படித்தாள். முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைப்பானேன். நான் நின்ற இடத்தை ஒருத்தர் ஒரு வாரம் தேடியிருக்கிறார் என்ற சந்தோஷம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கோபம் வந்தது. இந்தப் படம் கரீமிடம் எப்படி இருந்தது? அழித்தேன் என்று சொன்னாரே. அப்படியென்றால் பதினாறு வருடமாக எத்தனை அம்மாக்களின் பக்கத்தில் உட்கார்ந்து நான் பொய் சொல்லியிருக்கிறேன்? உயிரோடு இருந்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பாள். செத்துப்போனவரிடம் சண்டை பிடிக்க முடியாமல் போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆனால் கோபமும் ரொம்ப நேரம் நிற்கவில்லை. அது வடிந்ததும் பழையபடி மரத்துப்போய்விட்டது.

மீதி நாட்களில் ரத்தினத்துக்கு மனசுக்குள் எத்தனையோ கடிதம் எழுதினாள். ‘ஐயா, அந்தப் படம் நான் எடுத்தது’ என்று ஒரே வரி போதும், அடுத்த மாதம் திருத்தம் போட்டுவிடுவார். போட்டால் ஊருக்குத் தெரியும். பெண்கள் பக்கத்துப் படம் வெளியே போய் அச்சாகியிருக்கிறது என்று தெரிந்த பிறகு எந்த வீட்டில் குல்ஷனை உள்ளே விடுவார்கள்? படம் என்னுடையது என்று சொன்னால் தொழில் போகும். சொல்லாவிட்டால் படம் போகும். இரண்டில் எது போனால் வலிக்கும் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

இத்தா முடிந்த அன்று பெண்கள் வந்து புதுப்புடவை கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைசியாக எழுந்தவள் மெஹரூன். குல்ஷனின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“சின்னவளுக்கு அடுத்த மாசம் நிக்காஹ் வெச்சிருக்கோம் குல்ஷன். நீதான் வரணும்.”

“பாத்துச் சொல்றேன் அக்கா.”

“பாக்குறதுக்கு இன்னா கீது இதுல? மாப்ள வூட்ல யாரோ ட்ரோன் வெச்சு எடுக்குற பொண்ணாம், கூட்டிக்கினு வரேன்னாங்க. வேணாம்னுட்டேன். நிகத்து படத்த எங்க வூட்டு சோஃபாவுல குந்திக்கினு நீ ஒண்ணொண்ணா அழிச்சத என் கண்ணால பாத்தவ நானு. வேற எவள நம்பி உள்ள விடுவேன்?”

“வரேங்க்கா,” என்றாள் குல்ஷன்.

மறுநாள் காலை தாம்பரத்துக்குப் போய் ஸ்டுடியோவைத் திறந்தாள். கரீமின் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ‘குல்ஷன்’ என்று ஒரு ஃபோல்டர். உள்ளே பதினாறு வருடமும் வருடவாரியாக, பத்திரிகைகளை அடுக்கின அதே கையால் அடுக்கினது. ஆயிரத்துச் சொச்சம் படங்கள். எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை கரீம். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்.

அவளிடம் ஒரு நாள்கூட உன் படம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை அந்த மனுஷன். “லைட் கொஞ்சம் கம்மி,” என்பார். அவ்வளவுதான்.

மொத்த ஃபோல்டரையும் ஒரே அமுக்கில் அழித்திருக்கலாம். அவள் வழக்கம் அது இல்லை. முதல் வருடத்தைத் திறந்து, முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அழித்தாள். அடுத்ததைப் பார்த்து, அழித்தாள். பிரியாணி வாயோடு தூங்கிப்போன குழந்தை. மாமியாரின் வளையலைத் திருட்டுத்தனமாக எடை பார்க்கும் மருமகள். சேலை முந்தானைக்குள் தலையை விட்டு இரண்டு கிழவிகள் சிரிப்பது. இவ்வளவும் நானா எடுத்தேன் என்று இருந்தது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது என்று கை நாலைந்து தடவை நின்றது. கரீமும் இப்படி ஒன்றில்தான் ஆரம்பித்திருப்பார் என்று நினைத்ததும் கை நகர்ந்தது.

மதியம் சாப்பிடவில்லை. கொட்டாவிப் படம் வரும்போது மணி மூன்று தாண்டியிருந்தது. பத்திரிகையில் கறுப்பு வெள்ளையாகப் பார்த்த படம் இங்கே கலரில் இருந்தது. நிகத்தின் கையில் மெஹந்தி அப்படிச் சிவந்திருந்தது. குல்ஷன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழித்தாள். மீதி வருடங்களையும் முடித்தாள். கடைசியில் குப்பைத் தொட்டியையும் காலி செய்து, காலியாகிவிட்டதா என்று ஒரு தடவை திறந்து பார்த்துக்கொண்டாள். ஆல்பங்களுக்கு வெளியே அவள் எடுத்த படம் இனி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், ‘கருவிழி’யில், கரீமின் பேர் போட்டு.

அப்போதுதான் அழுகை வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, மூச்சை அடைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் வந்தது. அந்தக் குழந்தைக்காக, அந்தக் கிழவிகளுக்காக, பதினாறு வருடம் நின்ற ஒவ்வொரு மூலைக்காகவும் அழுதாள்.

கல்லூரியிலிருந்து நேராக வந்த ஆஃபியா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கரீமின் நாற்காலியில், ஒன்றுமில்லாத திரைக்கு முன்னால் அம்மா குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டாள்.

“அழும்மா. அடக்காத. அத்தா சேர்ல உக்காந்ததும் வந்துடுச்சுல்ல? நல்லா அழுதுடு.”

குல்ஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆஃபியா ஒரு கையால் அவளை அணைத்தபடியே மறு கையால் பெரியம்மாவுக்கு ஃபோன் போட்டிருந்தாள். “அம்மா அழுதுட்டாங்க பெரியம்மா,” என்றாள், அவள் குரலும் உடைந்துவிட்டது. “ஆமா, இப்பதான். அத்தாவ நெனச்சு.”

குல்ஷன் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சரி, இதுவும் அவர் பேரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.