கொல்லையில் சொன்னது

...வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அரை மணி நேரம், அதுகூட முடியாதா ஒரு பொம்பளையால்... கோவிந்தப்பா கேட்டதில் தப்பில்லை, மூன்று பார்ட்டியைக் கூட்டி வந்து மூன்றையும் பறிகொடுத்த வீட்டுத் தரகர் வேறென்ன கேட்பார், “பேடம்மா, பேடா, ஏனூ ஹேளபேடி, ஒண்ணும் சொல்லாதீங்க, காபி குடுங்க, சிரிங்க, அஷ்டே, அவ்வளவுதான்” என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த பார்ட்டியை அழைத்து வரத் தெருமுனைக்குப் போயிருந்தார். கேத்தரின் சோபா உறையை இழுத்துவிட்டாள், ஏற்கெனவே இழுத்துவிட்ட உறைதான், மறுபடியும் இழுத்துவிட்டு ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்தாள். கணவர் ஆம்ப்ரோஸ் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார், கழுத்தில் மப்ளர், நல்ல பகலில் மப்ளர், நவம்பர் மாதத்துப் பிரேசர் டவுனில் வெயில் என்பது பேருக்குத்தான், வெறும் வெளிச்சம், அது அவர் முழங்கால் வரை வந்து நின்றுகொண்டிருந்தது. அடுத்த பனிக்கு இங்கே இருக்க வேண்டாம், காய்ந்த ஊராகப் பார்த்துப் போய்விடுங்கள், அந்த நெஞ்சு இன்னொரு மார்கழியைத் தாங்காது என்று டாக்டர் சொன்னது அவரிடம் அல்ல, அவளிடம், தனியாகக் கூப்பிட்டு. திருச்சியில், பாலக்கரையில், அவர் தம்பி பெர்னார்ட் ஒரு போர்ஷன் பார்த்து வைத்திருக்கிறார். இந்த வீடு போனால்தான் அந்தப் போர்ஷன், அந்தப் போர்ஷன் கிடைத்தால்தான் இவருக்கு மூச்சு, இது புரியாத மண்டூகமா அவள்? புரிந்துகொண்டுதானே முதலில் வந்த ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரிடம், நல்ல மழை பிடித்தால் கிழக்கு ஜன்னல் ஓரம் ஒழுகும் சார் என்றாள், இரண்டாவதாக வந்த ஜவுளிக்கடைக்காரரிடம், விடியற்காலை கோயில் மணி அடித்தால் அலமாரியில் கப்பும் சாசரும் ஆடும் என்றாள், மூன்றாவது ஆளிடம் கரையான் அரித்த நிலைப்படியைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காட்டினாள். எல்லாம் உண்மை. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. உண்மை சொன்னேன் சாமி என்று எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்வது? ஆனாலும் பாவம்தான், அவளுக்குத் தெரியும், அவருடைய மூச்சை ஒரு பக்கமும் இந்தச் சுவர்களை ஒரு பக்கமும் வைத்துவிட்டு அவள் சுவர் பக்கம் போய் நின்றிருக்கிறாள்.

நான் என்ன செய்ய, ஹாலில் நின்று கேட்டார்கள், ஹாலில் பொய் சொல்ல முடியாதே என்று மனசுக்குள் ஒரு குரல் வக்கீல் மாதிரி எழுந்து நின்றது. ஹால் சுவரில் இருதய ஆண்டவர் படம், சின்ன சிவப்பு விளக்கு, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வாரம் சாமியார் வந்து மந்திரித்து மாட்டியது. அந்த வாரமே ஆம்ப்ரோஸ் தாமதமாக வந்தார், ஆபீசில் வேலை என்றார், மேலெல்லாம் குதிரைப் பந்தயத்துப் புழுதி, “படத்தப் பாத்துச் சொல்லுங்க” என்றாள் இவள், புதுப் பெண்டாட்டியின் மிடுக்கு. அவர் படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், விடுவிடுவென்று சமையலறை தாண்டிக் கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டு, “ஆபீஸ்லதான் இருந்தேன் கேத்தி!” என்று கத்தினார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு... வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அது ஒரு சட்டமாகிப்போனது, ஹாலில் பொய் கிடையாது, பொய் வேண்டுமென்றால் கொல்லைக்குப் போ. மகள் நோராகூடப் பால் டம்ளரைப் பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் கவிழ்த்துவிட்டு, அங்கிருந்தேதான் குடித்துவிட்டேன் என்று குரல் கொடுப்பாள். இப்போது அவள் பம்பாயில், பிள்ளைகுட்டியோடு, அவள் வீட்டில் பொய் சொல்ல ஏது இடம், மாடி வீடாம், கொல்லையே இல்லையாம். பாலக்கரைப் போர்ஷனில் கொல்லை இருக்கிறதா? கேட்கவேயில்லை. கேட்டால் பெர்னார்ட் என்ன நினைப்பார், அண்ணி துணி உலர்த்தக் கேட்கிறாள் என்று நினைப்பார்.

கேட் கிறீச்சிட்டது, அதற்கு எண்ணெய் போட மறந்தாயிற்று, போகட்டும், கோவிந்தப்பாவின் குடை முதலில் வந்தது, பின்னால் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஜெயராமன், ஆஸ்டின் டவுனில் வாடகைக்கு இருக்கிறாராம், அவருக்கும் பின்னால் அவர் மனைவி, சரளா என்று பெயர் சொன்னார்கள், சின்னப் பெண், இருபத்தைந்து தாண்டியிருக்காது. ஆம்ப்ரோஸ் எழுந்து கைகூப்பினார், தந்தி ஆபீசில் காலமெல்லாம் கழித்த மனுஷர், வார்த்தைக்கு வார்த்தை காசு கேட்பார்களோ என்பது போல “வாங்க, பாருங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டார். சரளா வாசலில் செருப்பைக் கழற்றினாள், அவள் வலது கால் சிவப்புச் சிமென்ட் தரையில் பட்டது, அந்தச் சில்லிப்பு கேத்தரினின் உள்ளங்காலில் ஏறியது. மெட்டியின் டிக் டிக்... இப்படித்தான் வந்தோம், இதே மாதிரி நிமிர்ந்து ஜன்னலின் மரத்தொப்பியைப் பார்த்து, ஏன் இதற்கு மங்கி டாப் என்று பெயர், குரங்கு வந்து உட்காருமா என்று கேட்டோம், “நான் உக்காந்தா போதாதா” என்றார் அவர். சரளாவும் நிமிர்ந்து பார்க்கிறாள், இப்போது கேட்பாள்... கேட்கவில்லை, புன்னகைத்தாள், அவ்வளவுதான். மீசை கறுப்பாக இருந்த ஒரு ஆம்ப்ரோஸ் கதவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஜெயராமன், நிலைப்படியை விரல் மடக்கித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டட்டும், கரையான் அரித்த கட்டையை ஆம்ப்ரோஸ் ஆசாரியை வைத்து மாற்றிவிட்டார். அவள் ஒவ்வொரு குறையாகச் சொல்லச் சொல்ல, பார்ட்டி போனதும் அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் ஆளை வைத்து அதைச் சரிசெய்துவிடுவார். வீடு இவ்வளவு நன்றாக எப்போதும் இருந்ததில்லை.

சரளா ஹாலின் நடுவில் நின்றாள். சுவரில் உள்ளங்கையை வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தாள். இவளுக்கு வேண்டும், இந்த வீடு இந்தப் பெண்ணுக்கு வேண்டும் என்று கேத்தரினுக்கு அந்தக் கையைப் பார்த்தே தெரிந்துபோனது. “மழைக்கு ஒழுகுமாம்மா?” என்று கேட்டாள் சரளா. கோவிந்தப்பா குடையை இறுகப் பிடித்துக்கொண்டார். படத்துக்குக் கீழே சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது, நாக்கு நுனியில் பழைய ஒழுகல் எல்லாம் வந்து வரிசை கட்டி நின்றது, நோராவின் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த பித்தளைப் பாத்திரம், சொட்டு, சொட்டு, அந்தச் சத்தத்துக்கே அவள் தூங்கிப்போவாள்... “ஓடெல்லாம் மாத்தியாச்சும்மா. இந்த மழைக்கு ஒரு சொட்டு விழல” என்றாள். அதுவும் உண்மைதான். இவ்வளவு சுலபமா, இதே உண்மையில் நல்ல பாதியும் இருந்திருக்கிறது, மூன்று தடவையும் தேடிப் பிடித்துக் கெட்ட பாதியை எடுத்துக் கொடுத்தது யார்? கோவிந்தப்பா மூச்சு விட்டார். சமையலறையைக் காட்டினாள், காலை வெயில் இங்கேதான் முதலில் வரும் என்றாள், பூனை ஒன்று வரும், விரட்டாதே என்றாள். “நீங்க எங்கம்மா போறீங்க?” என்று கேட்டது அந்தப் பெண், “திருச்சிக்கு, அவருக்குப் பனி ஆகாது” என்றபோது, “ஐயோ, உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?” என்றது. யாரும் இதுவரை கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை, பெர்னார்ட் கேட்கவில்லை, அழுதுவிடுவோமோ என்று பயந்து கேத்தரின் காபிக்கு அடுப்பைப் பற்ற வைத்தாள். விற்றுவிடலாம், இவளுக்கு விற்றுவிடலாம், இவள் சுவரைத் தொட்டுப் பார்க்கிறவள். மனசு திடீரென்று லேசானது. மார்கழியில் பாலக்கரையில் இவர் மப்ளர் இல்லாமல் பூசைக்குப் போவார், வெறுங்கழுத்தோடு, சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு...

பால் பொங்கி வரும்போது ஜன்னலுக்கு வெளியே ஆம்பளைகள் குரல் கேட்டது. கிணற்றடியில் நிற்கிறார்கள். “தண்ணி நல்லா மேல இருக்கே சார்” என்கிறார் ஜெயராமன். “மழை முடிஞ்ச கையோட இல்லையா, இருக்கும்” என்கிறார் ஆம்ப்ரோஸ், ஒரு இருமல், பிறகு, “கோடையில நம்பாதீங்க. மார்ச்சுல அடி தெரிஞ்சிடும். ஜூன் வரைக்கும் வெளியிலருந்துதான் தூக்கணும்.” கேத்தரின் பாலை இறக்க மறந்தாள். எந்தக் கிணறு? இந்தக் கிணறா? தெருவே வறண்டு கிடந்த வருஷம்கூட அண்டை அயல் எல்லாம் குடத்தோடு வந்து நின்ற கிணறு, அவர்களுக்கெல்லாம் கயிறு தேயத் தேய இறைத்துக் கொடுத்த மனுஷர் இவர்தானே... பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, சரளா, “அம்மா, பால்!” என்று துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வெளியே ஜெயராமன், “கார்ப்பரேஷன் குழாயும் ஒரு வேளைதான் வருது... கைக்குழந்தை வச்சிட்டு எப்படி சார்” என்று இழுத்தார். ஆம்ப்ரோஸ் வாளியைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. எத்தனை பேருக்குத் தந்தி அனுப்பியவர், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாயிற்று.

காபி குடித்தார்கள், நல்ல காபி என்றார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அந்தச் ‘சொல்லி அனுப்புகிறோம்’ எப்படிப்பட்டது என்று பெண் வைத்திருந்த வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கோவிந்தப்பா வாசலில் நின்று, “ஏனம்மா இது, நீங்க என்னதான் சொன்னீங்க?” என்று பல்லைக் கடித்தார். “நான் ஒண்ணுமே சொல்லல கோவிந்தப்பா, ஆண்டவர் சத்தியமா” என்றாள், படத்துக்கு நேராக நின்றுதான் சொன்னாள், அவள் ஒன்றும் சொல்லாத முதல் தடவை இதுதான், கோவிந்தப்பா நம்பவில்லை. கேட்டுக்கு வெளியே ஜெயராமன் விடுவிடுவென்று நடந்தார், சரளா மட்டும் நின்று திரும்பி மங்கி டாப்பைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். கிணறு வற்றாதும்மா, அவர் ஏதோ ஞாபகத்தில் சொல்லிவிட்டார் என்று இரண்டு எட்டு வைத்துச் சொன்னால் போதும், அந்தப் பெண் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடும். உண்மை சொல்கிறவள் ஆயிற்றே நீ, கேட்காமலே சொல்கிறவள், சொல்லேன்... கேத்தரின் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கம்பி சில்லென்றிருந்தது, வாய் திறக்கவில்லை. அவர்கள் தெருமுனையில் திரும்பினார்கள். திரும்பியதும் நெஞ்சில் ஒரு சந்தோஷம் எழுந்ததே, அது எழுந்த வேகத்தில் அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

ஆம்ப்ரோஸ் இன்னும் கொல்லையில்தான் இருந்தார், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பட்டர் ஃப்ரூட் மரத்தைப் பார்த்துக்கொண்டு. இலைக்கு நடுவே வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. எதற்குச் சொன்னீர்கள் என்று கேட்கத்தான் வந்தாள். எனக்காகவா, உங்களுக்காகவா? அவளுக்காக என்றால் அவர் தன் மூச்சையே எடுத்துக் கொடுத்திருக்கிறார், அவள் கேட்காமலே கேட்டதை. தனக்காக என்றால்... அவருக்கும் இந்த வீட்டை விட்டுப் போக மனசில்லை என்றால், ஒவ்வொரு பார்ட்டி போனதும் ஆசாரியையும் ஓட்டுக்காரனையும் கூப்பிட்டாரே, அது யாருக்குச் செய்தது, வாங்க வருகிறவனுக்கா, இருக்கப் போகிறவர்களுக்கா? அவர் நகர்ந்து கல்லில் இடம் விட்டார். “இன்னிக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு கேத்தி. இந்தப் பனியும் சும்மா போயிடும் பாரு” என்றார். ‘பனியும்’ என்பதற்கு முன்னால் ஒரு இழுப்பு, மெல்லிசாக, உள்ளே எங்கோ ஒரு விசில். வித்துடலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல என்று போன மாதம் சொன்னாரே, எங்கே நின்று சொன்னார்? இதோ, இதே கிணற்றடியில், வாளியைக் கையில் வைத்துக்கொண்டு. ராத்திரி நல்லாத் தூங்கினேன் என்று தினமும் காலையில் சொல்வது? இங்கேதான், பல் தேய்க்கும்போது. போன மார்கழி முழுக்க, எப்படி இருக்கு என்று உள்ளே கேட்டால் பதிலே சொல்லாமல் எழுந்து வருவாரே, காற்றுக்காக வருகிறார் என்றல்லவா நினைத்திருந்தாள், இங்கே வந்து நின்ற பிறகல்லவா ‘நல்லாருக்கு’ என்பார்... உள்ள வாங்க, ஹாலுக்கு வந்து, படத்தப் பாத்து ஒரே ஒரு தடவை சொல்லுங்க என்று கூப்பிட வாய் எடுத்தாள். கூப்பிட்டால் வருவார். வந்து நின்றால் உண்மையைச் சொல்லிவிடுவார். கேத்தரின் வாயை மூடிக்கொண்டு கல்லில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், தோளோடு தோள் படுகிற அளவுக்குத்தான் அதில் இடம். “என்ன, சத்தம் கேக்குதா?” என்றார் அவர், நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, கொஞ்சம் சிரித்தபடி. விசில் நன்றாகக் கேட்டது. “இல்லையே” என்றாள் கேத்தரின், சொல்லிவிட்டுத்தான் தானும் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்தாள்.