மேஜை மேல் ஒரு பூட்டு

பச்சைப் பொத்தானை அழுத்திய பிறகுதான் பேனல் ஆபரேட்டருக்கு மேஜை மேலிருந்த பூட்டு ஞாபகம் வந்தது. அது செய்தித்தாளுக்கு அடியில் கிடந்தது. செய்தித்தாளின் மேல் அவருடைய சாப்பாட்டு டப்பா.

அந்தப் பொத்தான் ஓட்டுவது, காகித ஆலையில் பழைய அட்டையைக் கூழாக்கும் உருளையை. உள்ளே ஆள் நிற்கலாம். பழுது பார்க்க இறங்குகிறவர் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியோடு போகவேண்டும். ஆபரேட்டருடைய மனைவியின் தம்பி, ஃபிட்டர், மட்டும் அதைச் செய்வதில்லை. சுவிட்ச் அறை வரை யார் நடப்பது? பூட்டை மாமாவின் மேஜையில் வைத்துவிட்டுப் போவான். பூட்டு அங்கே இருக்கும்வரை ஆள் உள்ளே என்று கணக்கு. பூட்டை விட என்னைத்தான் நம்புகிறான் என்று மாமா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

உருளையின் கதவு திறந்திருப்பதாகப் பேனலும் கத்தத்தான் செய்தது. அது மாதக்கணக்காகப் பொய்யாகவே கத்துகிற மணி. மனைவி பேச்சுக்கு 'ம்' கொட்டுகிற லாகவத்தில் அதை அமுக்கிவிட்டார். கூழ் எங்கே என்று அடுத்த பிரிவிலிருந்து போன் வந்தது, உருளையை ஓட்டிவிட்டார்.

சிவப்புப் பொத்தானை அவர் அறைவதற்குள் உருளை அரைச்சுற்று சுற்றிவிட்டது.

வாக்கி டாக்கியில் இரைச்சல் மட்டும்தான். படியிறங்கி ஓடினார். உருளை வாயில் நின்ற சூப்பர்வைசரிடம் ஆள் இருக்கிறானா என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறோம், நீங்கள் தண்ணீர் குடியுங்கள் என்றார் அவர். விளக்கைப் பிடித்திருந்தவரிடம் கேட்டார். அவர் விளக்கையே பார்த்தார். காலையில் மனைவி இரண்டு டப்பா கட்டித் தந்திருந்தாள். தம்பியின் டப்பா இன்னும் திறக்கப்படவில்லை. அதை எப்படி வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போவது என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் ஓடவில்லை.

உள்ளிருந்து ஒரு கை வந்தது. பிறகு, தலை முதல் கால் வரை கூழ் பூசி, ஃபிட்டர். உட்புறத் தகடு ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தொங்கியிருக்கிறான். இடது தோள் இறங்கியிருந்தது.

மண் பூசிய சுவர் மாதிரி இருக்கிறாய் என்று சொல்ல வாயெடுத்தார் மாமா. வாய் கோணிக்கொண்டது. வலிக்கிறதா என்றார். ஒன்றுமில்லை என்றான். கோபமா என்றார். அதற்கும் ஒன்றுமில்லைதான்.

"மாப்ள, இனிமே நீ உள்ள இறங்குவியா?"

ஃபிட்டர் கண்ணிலிருந்த கூழை வழித்துவிட்டு அவரை நேராகப் பார்த்தான்.

"இறங்குவேன் மாமா. நீங்க அந்த நாற்காலியில இருந்தா இறங்கமாட்டேன்."